பின்வாசல் கல் குறித்து

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் இவரும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. அது தனிக்குடித்தனம் நடத்துகிறது. உங்கள் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா, இல்லை டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டைப் பல் டாக்டருக்கு விற்றுவிட்டு உங்கள் வீட்டின் கீழ்ப்பகுதிக்கு வந்துவிடுவது என்று போன வருஷமே பேசி வைத்தோம் அல்லவா? டாக்டர் மே மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன செவ்வாய்க்கிழமை இவர் பின்வாசலில் சாக்கடைக் குழாயைச் சரிசெய்யத் தோண்டும் வரை. முழங்கை ஆழத்தில் ஒரு கல் அகப்பட்டது. இரண்டு கைகளைச் சேர்த்தால் அடங்கும் அளவு. கரும்பழுப்பு நிறம். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது, மறுபக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்கிறது.

நாற்பது வருஷமாகத் தையல் மிஷினைத் தவிர வேறெதையும் பிரித்துப் பார்க்காத மனிதர், அன்றிலிருந்து அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இது சாதாரணக் கல் இல்ல. அடியில என்னமோ இருக்கு."

"அடியில சாக்கடைக் குழாய் இருக்கு. அதை முதல்ல மாட்டுங்க."

"என்ன இருக்குன்னு தெரியாம மண்ணை எழுதிக் கொடுக்க முடியுமா? உங்க அண்ணனைக் கேளு. வக்கீலா இருந்தும் சீட்டாட்டத்துலகூடப் பொய் சொல்லத் தெரியாம தோக்கிற மனுஷன். அவர் சாதாரணக் கல்லுன்னு சொல்லட்டும், மறுநாளே கையெழுத்துப் போடுறேன். தாதுக் கல்லுன்னு சொன்னா இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

எனக்கு அங்கே வரவேண்டும், அண்ணா. அதை மறைக்கவில்லை. ஆனால் இவர் சொன்னால் சொன்னதுதான். கல் என்னவென்று நீங்கள் தீர்த்துச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 24

அன்புத் தங்கைக்கு,

உன் 12ஆம் தேதிக் கடிதம் 17ஆம் தேதி பிற்பகல் கிடைத்தது. மருத்துவர் கடைசியாகத் தெரிவித்த கருத்தின்படி நான் நலமாகவே உள்ளேன். அதற்குப் பின் மாறுதல் ஏதும் நேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று கேள்வி. சான்று கைவசம் இல்லை.

முதற்கண், கற்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். இரண்டாவதாக, இவ்விஷயத்தில் நான் முற்றிலும் நடுநிலையானவன்தானா என்பதில் எனக்கே ஒரு சிறு ஐயம் உண்டு. அதன் விவரம் இக்கடிதத்துக்கு அவசியமில்லை. எனினும், நீயும் மாப்பிள்ளையும் ஒருமித்துக் கேட்டிருப்பதால் இப்பொறுப்பை ஏற்கிறேன்.

நூலகத்துக்குச் சென்று, கற்களை வீட்டிலேயே சோதித்து அறிவது பற்றிய நூல் ஒன்றை எடுத்துவந்தேன். பள்ளி மாணவர்களுக்காக எழுதப்பட்டது. நூலகர், "பேரனுக்கா சார்?" என்றார். "இல்லை, தீர்ப்புக்கு" என்றேன். அவர் தேதி முத்திரை குத்தி நீட்டினார்.

நூல் கூறுவன பின்வருமாறு. நகம், செப்பு நாணயம், கத்தி, கண்ணாடி ஆகியவற்றில் எது கல்லைக் கீறுகிறது, எதைக் கல் கீறுகிறது என்று பார்த்தால் அதன் கடினம் தெரியும். காந்தம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது பொடியின் நிறம். கல்லின் மேல்நிறம் ஏமாற்றக்கூடியது; ஆனால் டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் அதைத் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம் ஏமாற்றுவது அரிதாம். இரும்புத் தாதுவில் ஒரு வகை, வெளியே கறுப்பாக இருந்தாலும், செம்பழுப்புக் கோடு இழுக்கும் என்று எழுதியிருக்கிறது.

ஆகவே கல்லை இரண்டாக்கி, ஒரு பாதியை அங்கே வைத்துக்கொண்டு மறு பாதியை எனக்கு அனுப்பவும். வழியில் மாறவில்லை என்பதற்கு உறுதியாக, குறுக்கே நூல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை இடவும். முத்திரை உறையின் மேல் போதாது. கல்லின் மேலேயே இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் நலத்தையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அண்ணன்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். வெந்நீர் ஒத்தடம் சான்று இல்லாமலேயே வேலை செய்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறையாவது மருத்துவர் கருத்தை விட்டுவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.

எதிர்வீட்டு டிரைவரிடம் சம்மட்டி வாங்கிக் கல்லை உடைத்தோம். இவர் அடிக்கவே மனசில்லாமல் செல்லமாகத் தட்டிக்கொண்டிருந்தார். "குழந்தையைத் தூங்க வைக்கிறீங்களா?" என்று டிரைவர் பிடுங்கி ஒரே போடு போட்டார். சரியாக இரண்டாகப் பிளந்தது. உள்ளேயும் குழிகள்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளைச் செய்துவிட்டோம். நகம் கீறவில்லை. நாணயம் கீறவில்லை. கத்தியும் கீறவில்லை, என் காய் நறுக்கும் கத்தியின் முனைதான் மழுங்கிப் போனது. வினிகரை விட்டோம். நுரையும் இல்லை ஒன்றும் இல்லை, கல் ஊறுகாய் மாதிரி கிடந்தது. பிறகு இவர், கீழே சிதறிய ஊசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தைக் கொண்டுவந்தார். லேசாக ஒட்டியது. அவ்வளவுதான், தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"பார்த்தியா, இழுக்குது!"

"என் கொண்டை ஊசியும்தான் இழுக்கும். அதுக்காக என் தலையில சுரங்கம் தோண்டுவீங்களா?"

பாதிக் கல்லை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஒரு முத்திரை கேட்டீர்கள், ஐந்து வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். உருகின அரக்கு வாசனை மூக்கில் ஏறியதும் கை நிற்கவில்லை. இப்போது அதைப் பார்த்தால் கல் மாதிரி இல்லை, பதிவுத் தபாலில் போகிற கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது.

பதில் சீக்கிரம் எழுதுங்கள். தலைசுற்றல் பற்றியும் எழுதுங்கள். போன கடிதத்தில் அதை லாவகமாகத் தாண்டிவிட்டீர்கள்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

பார்சல், முத்திரைகள் ஐந்தும் உடையாத நிலையில், 13ஆம் தேதி வந்து சேர்ந்தது. என் குமாஸ்தா அம்மாள் முன்னிலையில் பிரித்து, நாளும் நேரமும் குறித்து வைத்திருக்கிறேன். உடல்நலத்தைப் பொறுத்தவரை, புகார் செய்யத்தக்க அளவில் ஏதுமில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி.

முத்திரைகளைக் கலைக்காமல் செய்யக்கூடிய இரண்டு சோதனைகளை முடித்துள்ளேன்.

முதலாவது, கண்ணாடி. கீழ் வீட்டுப் பின்னறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டதில் கழித்த பழைய கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது. கல் அதைத் தெளிவாகக் கீறியது. இரண்டாவது, காந்தம். கீழ் வீட்டு அலமாரிக் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளாமல் இருக்க வாங்கிய சிறு காந்தத்தைப் பயன்படுத்தினேன். உங்களுக்குக் கிடைத்த விடையே எனக்கும் கிடைத்தது: இழுக்கிறது, ஆனால் ஆர்வமாக இல்லை. குமாஸ்தா அம்மாள் அருகிலிருந்து பார்த்துவிட்டு, "நம்ம எதிர்த்தரப்பு வக்கீல் சமரசத்துக்கு வர்ற மாதிரியே வருது சார்" என்றார். அது சான்றாகாது என்றாலும், உவமை பொருத்தமாக இருந்தது.

பொடியின் நிறத்தைச் சோதிக்க மெருகில்லாத டைல்ஸ் கைவசம் இல்லை. மார்ச் முதல் வாரத்தில் டைல்ஸ் ஒட்டுபவர் வருகிறார். மிஞ்சுவதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அதுவரை எந்த முடிவுக்கும் வரவேண்டாம் என்று மாப்பிள்ளையைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

உன் முழங்காலைப் பற்றி எழுது.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். முழங்கால், புகார் செய்யத்தக்க அளவில் இல்லை. (எப்படி இருக்கிறது, உங்கள் மருந்து உங்களுக்கே?)

உங்கள் கடிதத்தை இவர் இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தார்.

"கல்லைப் பத்தி நாலு வரி. ஜன்னல், அலமாரி, டைல்ஸ் பத்தி எட்டு வரி. உங்க அண்ணன் வக்கீல் வேலையை விட்டுட்டு மேஸ்திரி ஆயிட்டாரா?"

"கீழ் வீடு பழசாச்சே, ஏதோ சரி பண்றார்."

"வாடகைக்கு விடப் போறாரோ என்னவோ. நாமதான் வர்றோம் வர்றோம்னு சொல்லிட்டிருக்கோம். அவர் எங்கயாவது வாங்கன்னு சொன்னாரா?"

நான் உள்ளே போய்விட்டேன். ஆனால் உங்களிடம் கேட்காமல் விடமாட்டேன். அந்த அலமாரி யாருக்கு, அண்ணா? உங்களுக்கு இருப்பதே ஆறு சட்டை. ஆறும் மேல் வீட்டுக் கொடியில் இருக்கும்.

பல் டாக்டர் நேற்று வந்து சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நாம் சிரித்தால் சிரிப்பைப் பார்க்காமல் பின்வரிசையைப் பார்க்கிறார். கல் விவகாரத்தைச் சொன்னேன். "சொத்தையா இல்லையான்னு தெரிஞ்சுக்கிறது நல்லதுதான்மா. மே வரைக்கும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டைல்ஸ் கிடைத்ததும் சோதித்து எழுதுங்கள். அலமாரிக் கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

நலமே. நீங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இக்கடிதத்தை எழுதச் சற்றுத் தாமதித்தேன். காரணம், எழுத வேண்டியிருந்தது எளிதாக இல்லை.

கீழ் வீட்டுச் சமையலறைக்கு ஒட்டியது போக மிஞ்சிய டைல்ஸ் ஒன்று கிடைத்தது. 11ஆம் தேதி காலை, நூலை அறுத்து, அரக்கைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். முத்திரைகள் இருந்த விளிம்பே கூர்மையாக இருந்தமையால், அவ்விளிம்பைக் கொண்டே டைல்ஸின் பின்பக்கத்தில் மூன்று கோடுகள் இழுத்தேன். மூன்றும் சிவப்பு. ஐயத்துக்கு இடமின்றிச் சிவப்பு.

குமாஸ்தா அம்மாள், "சார், இன்னொரு பக்கத்தால ஒரு தடவை தேய்ச்சுப் பார்த்துடலாமே?" என்றார்.

"வேணாம்மா. நமக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் சாட்சியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறது எனக்குப் பழக்கமில்லை."

"அப்ப இது உங்களுக்குப் பிடிக்காத பதிலா சார்?"

நான் அன்றைய வழக்குக் கட்டுகளை எடுத்துவரும்படி அவரிடம் கூறினேன்.

மறைக்கக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் குறிப்பிடுகிறேன். கல்லைக் காற்றிலும், பிறகு நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டும் நிறுத்துப் பார்த்தேன். அதே பருமனுள்ள நீரைப்போல் மூன்றரை மடங்கே கனக்கிறது. அவ்வகைத் தாது ஐந்து மடங்கு கனக்க வேண்டும் என்கிறது நூல். இம்முரணை என் தராசின் குறையாகவே கொள்கிறேன். வேறுவிதமாகக் கொள்ள நான் விரும்பினேன் என்பதே, அவ்வாறு கொள்ளாததற்குப் போதுமான காரணம்.

ஆகவே, அது இரும்புத் தாதுவாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கே வரவேண்டியுள்ளது. மாப்பிள்ளை கையெழுத்திட வேண்டியதில்லை. பேசியபடி நீங்கள் அங்கேயே இருப்பது முறை.

அலமாரி குறித்த உன் கேள்வி, கல்லின் தன்மைக்குத் தொடர்பற்றது என்பதால் அதற்கு விடையளிக்கவில்லை.

உடல்நலம் பேணவும். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்படுவதற்கான காரணம் எதையும் நான் தெரிவிக்கவில்லை.

இப்படிக்கு,
அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறோம். நீங்கள் நலமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

ஐந்து வாரமாகக் கடிதம் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். முதல் வாரம் கோபம்தான். சிவப்புக் கோடு மேலும் கோபம், அதை அவ்வளவு நேர்மையாக எழுதிய உங்கள் மேலும் கோபம். கொஞ்சம் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். பிறகு, நீங்கள் பொய் சொன்னால் எழுத்தே உங்களைக் காட்டிக்கொடுத்திருக்குமே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆச்சரியம் என்னவென்றால் இவர் சந்தோஷப்படவில்லை. உங்கள் தீர்ப்பு வந்த அன்று தெருவில் நாலு பேரிடம் சொன்னார். மறுநாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மிஷின் மேசையில் பழைய டைல்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு ஏதோ தேய்க்கிறார். நான் போனால் துணியைப் போட்டு மூடுகிறார். "என்ன பண்றீங்க?" என்றால், "எண்ணெய் போடுறேன்" என்கிறார். டைல்ஸுக்கு யாராவது எண்ணெய் போடுவார்களா?

டாக்டரிடம் இன்னும் முடியாது என்று சொல்லவில்லை. வாய் வரவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? அண்ணி போன பிறகு நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். நாலு வருஷத்துக் கடிதங்கள். "உங்கள் வசதிப்படி முடிவு செய்யவும்" என்று ஆறு இடத்தில் இருக்கிறது. "கீழ் வீடு காலியாக உள்ளது" என்று ஒன்பது இடத்தில் இருக்கிறது. "வாருங்கள்" என்று ஓரிடத்திலும் இல்லை. இவர் கேட்டது சரிதான்.

சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
தங்கை


மே 2

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் சீராக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். நான் கடிதம் எழுதிப் பழகாதவன். உங்கள் தங்கை எழுதுவதற்குக் கீழே கையெழுத்துக்கூடப் போட்டதில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் தீர்ப்பு தவறு.

அது வந்த மறுநாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னிடம் இருக்கும் பாதியை டைல்ஸில் தேய்த்தேன். சிவப்பு வரவில்லை. மங்கலாகச் சாம்பல் நிறம் மட்டும். எல்லாப் பக்கத்தாலும் தேய்த்தேன். சாம்பல்தான். ஒரே கல்லின் இரண்டு பாதிகள் இரண்டு நிறம் காட்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு உங்கள் தங்கை மிச்சம் வைத்திருந்த அரக்குக் குச்சியை எடுத்து அதே டைல்ஸில் இழுத்தேன். நீங்கள் எழுதினீர்களே, ஐயத்துக்கு இடமில்லாத சிவப்பு, அது வந்தது. கல்லில் இருப்பதெல்லாம் குழி. சுரண்டினால் மேலே இருப்பதுதான் போகும், குழிக்குள் இருப்பது போகாது. நீங்கள் முத்திரை கேட்டீர்கள், அவள் ஐந்து வைத்தாள், கோடு இழுத்தது அந்த அரக்கு.

எடையையும் பார்த்தேன். எனக்கும் மூன்றரைதான் வந்தது. உங்கள் தராசில் குறை இல்லை.

கிரில் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கியதுமே சிரித்தார். "இது இரும்புக் கிட்டம்ங்க. உலையில இரும்பைக் காய்ச்சுறப்ப ஒதுங்கி உறையுற கழிவு. எந்தக் காலத்துலயோ உங்க பின்வாசல்ல ஒரு உலை இருந்திருக்கு. குப்பையைக் கொட்டிட்டுப் போயிருக்காங்க." ஆக, சுரங்கம் இல்லை. யாரோ ஒரு கொல்லர் பட்டறையின் குப்பைமேடு.

இதைத் தெரிந்துகொண்டும் பல வாரம் வாயைத் திறக்கவில்லை. தீர்ப்பு எனக்குச் சாதகம், நானாக ஏன் கலைக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். கல்லுக்காக நான் இங்கே இருக்க நினைக்கவில்லை, மச்சான். இந்தத் தெருவில் எந்த வீட்டில் தையல் மிஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே வந்தால் நான் வக்கீல் தங்கையின் வீட்டுக்காரன். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அதுவும் ஒருவரும் கூப்பிடாத வீட்டில்.

ஆனால் உங்கள் கடிதத்தில் தராசைப் பற்றிய ஒரு வரி என்னை விடவில்லை. எங்களை வேண்டாம் என்று நினைக்கிறவர் அலமாரிக்குக் காந்தம் வாங்க மாட்டார். வேண்டும் என்று நினைக்கிறவர் அந்தத் தராசை நம்பியிருப்பார். நீங்கள் காந்தமும் வாங்கினீர்கள், தராசையும் தள்ளிவிட்டீர்கள். எந்த மிஷினிலும் நான் இப்படி ஒரு கோளாறைப் பார்த்ததில்லை.

அதனால் நேராகக் கேட்கிறேன். நாங்கள் வரவேண்டுமா, வேண்டாமா? உங்கள் தங்கைக்கு இந்தக் கடிதம் தெரியாது. பதில் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். திட்டு வாங்குவதற்கு முன் உங்கள் பதில் கையில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்


மே 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். தாங்களும் தங்கையும் நலமாக இருக்க விழைகிறேன். என் நலம் குறித்து இறுதியில் எழுதுகிறேன். இம்முறை தாண்டிச் செல்ல மாட்டேன்.

மார்ச் 19ஆம் தேதியிட்ட என் முடிவு இதனால் முழுமையாக ரத்து செய்யப்படுகிறது. முத்திரை கேட்டவன் நான். அதன் மேலேயே தேய்த்தவனும் நான். தங்கள் கடிதத்தைக் கண்டதும் கல்லின் மறுபக்கத்தைத் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறம். குமாஸ்தா அம்மாள் தேநீர் மட்டும் கொண்டுவந்து வைத்தார், வழக்கத்தைவிடச் சற்று ஓசையாக.

என் நடுநிலையில் ஐயம் உண்டு என்று ஜனவரியில் எழுதினேன். அதன் விவரம் பின்வருமாறு. கீழ் வீட்டில் செய்த வேலைகள் யாவும் நீங்கள் வருவீர்கள் என்பதற்காகச் செய்தவை. அலமாரியின் தட்டுகளைத் தங்கையின் கை எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னேன். சமையலறையில் அவள் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யும்படி மேடையைத் தாழ்த்தியிருக்கிறேன். கல் சாதாரணக் கல்லாக இருக்க வேண்டும் என்று நாள்தோறும் விரும்பினேன். அவ்விருப்பத்தோடு தீர்ப்பளிப்பது முறையாகாது என்று அஞ்சியே, எனக்குச் சாதகமாக இருந்த எல்லாவற்றையும் தள்ளினேன்.

ஏன் அழைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நான் அழைத்தால், மூத்தவர் கூப்பிட்டுவிட்டாரே என்பதற்காக நீங்கள் வரக்கூடும். வற்புறுத்தலின் பேரில் எழுதிய பத்திரம் செல்லாது என்று பிறருக்கு ஆயுள் முழுவதும் சொல்லிவந்தவன், தன் தங்கை குடும்பத்தை வற்புறுத்தக் கூடாது என்று இருந்தேன். கூப்பிடுவதும் வற்புறுத்துவதும் ஒன்றல்ல என்பதைத் தங்கள் கடிதம் வந்த பிறகே யோசித்தேன்.

இனி என் நலம். மாலை ஐந்து மணிக்குக் குமாஸ்தா அம்மாள் வீட்டுக்குப் போகிறார். மறுநாள் காலை ஒன்பது மணிவரை என்னோடு பேச ஒருவரும் இல்லை. வானொலி அறிவிப்பாளருக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். டிசம்பரில் மாடிப்படியில் ஒருமுறை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தபோது, எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை.

தெருவைப் பார்த்த முன்னறையைத் தங்கள் வேலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். வெளிச்சம் நன்றாக வரும். இத்தெருவில் நின்றுபோன தையல் மிஷின்கள் எத்தனை இருக்கும் என்று குமாஸ்தா அம்மாளைக் கேட்டேன். "எங்க வீட்டுலயே ரெண்டு கிடக்கு சார். அவரை முதல்ல வரச் சொல்லுங்க" என்றார்.

வரச் சொல்கிறேன். வாருங்கள். நீங்கள் இருவரும் இங்கே வந்து என்னோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இவ்வாக்கியத்தை நான்கு முறை எழுதி, நான்கு முறையும் நிபந்தனைப் பகுதியை அடித்துவிட்டேன்.

தங்கையிடம் திட்டு வாங்கும்போது என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
மச்சான்


மே 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம். உங்கள் பங்குத் திட்டு பத்திரமாக இருக்கிறது; நேரில் தருகிறேன். தபாலில் அனுப்பினால் எடை அதிகமாகும்.

இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் கடிதம் எழுதிக்கொள்வீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அடி வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தேன். மாடிப்படியில் உட்கார்ந்த இடத்தை மட்டும் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. டிசம்பரில் நடந்ததை மே மாதத்தில் எழுதுகிற ஆளை என்ன செய்வது? அதைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

நேற்று இவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பல் டாக்டர் சந்தோஷத்தில் வாய் கொள்ளாமல் சிரித்தார். அவருக்கே பின்வரிசையில் இரண்டு பல் இல்லை, அண்ணா!

ஜூன் முதல் தேதி சாமான் லாரி ஏறுகிறது. இவருக்கு இப்போது ஒரே கவலை. மிஷின் மேசை. அதை இந்த அறைக்குள்ளேயே வைத்துச் செய்தது. கழற்ற முடியாது, சாய்க்க முடியாது. இங்கே ஜன்னலைப் பெயர்த்துத்தான் வெளியே எடுக்கப் போகிறார்கள். அகலம் மூன்றடி நான்கு அங்குலம். உங்கள் கீழ் வீட்டு முன்வாசல் எவ்வளவு என்று கேட்கச் சொல்கிறார்.

"உங்க அண்ணன் 'ஏறத்தாழ'ன்னு எழுதினார்னா நான் லாரியிலேருந்து இறங்க மாட்டேன். சரியான அளவு வேணும்னு எழுது" என்று பக்கத்திலேயே நின்று சொல்கிறார். எழுதிவிட்டேன்.

படியில் மெதுவாக ஏறுங்கள். நாங்கள் வரும்வரை ஏறாமலே இருந்தாலும் சரி.

அன்புடன்,
தங்கை


மே 21

அன்புள்ள தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

நலம். உங்கள் நலத்தை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

முன்வாசலின் அகலம் சரியாக மூன்றடி.

தச்சரும் கொத்தனாரும் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். நீங்கள் வரும்போது நான்கடி இருக்கும். சுவர் இடிபடும் ஓசையில் மேற்கொண்டு எழுத இயலவில்லை.

அண்ணன்